டேபிள் ஃபேனுக்கு வந்த பாராட்டு

தம்பிக்கு, பக்கத்து அறையிலிருந்து அம்மா எழுதுவது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நடுவில் ஒரு சுவரை மட்டும் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற முதல் ஆள் முத்தியால்பேட்டையில் நானாகத்தான் இருப்பேன். சிரித்துவிட்டுப் படி. நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உன் அறை வாசலுக்கு வந்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினாய். "ஒரு நிமிஷம்மா." அந்த நிமிஷம் இன்னும் முடியவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நீயும் அப்பாவும் உன் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கனகசெட்டிக்குளம் போயிருக்கிறீர்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள் இதை எழுதி உன் லேப்டாப் மேல் வைத்துவிட வேண்டும். நாளைக் காலை மீட்டிங்கில் உன் டீம் முழுக்கக் கேட்க நீ பேசப்போகிறாய். அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். படித்த பிறகு யாருக்குக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். நம் தெருவிலேயே பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உன்னைப்போல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுடைய அம்மாக்களும் படிக்கட்டும்.

புல்வாருக்குள், பழைய டவுனில் இருந்த உன் ஆபீசைக் காலி செய்துவிட்டு, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று அவர்கள் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். பிள்ளை சூடாகச் சாப்பிடுவான் என்று நினைத்தேன். உன்னோடு இன்னொன்றும் வீட்டுக்குள் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திரை ஓரத்தில் அந்தப் புள்ளி. நீ எதையாவது தட்டிக்கொண்டோ நகர்த்திக்கொண்டோ இருந்தால் பச்சை, கை நின்றால் மஞ்சள். வாரக் கடைசியில் யார் அதிக நேரம் பச்சையாக இருந்தார்கள் என்று வரிசைப்படுத்தி எல்லோருக்கும் அனுப்புவார்கள். அது வந்த நாளிலிருந்து இந்த வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. குக்கர் விசில் உன் மீட்டிங்கில் கேட்கக்கூடாது என்று நான் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கிறேன். அப்பா டிவியில் சத்தத்தை அடைத்துவிட்டு வாயசைவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மீன்காரம்மாவைக் கூடத் தெருமுனையோடு குரலை நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். "இன்னாம்மா, வூட்ல கொழந்த தூங்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

நான் ஏதோ அளவு, கணக்கு என்றாலே ஆகாதவள் என்று நீ நினைத்துவிடாதே. சேதராப்பட்டுப் பக்கம் சட்டை தைக்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள் நான். மணிக்கு ஒரு தடவை கரும்பலகையில் ஒவ்வொருத்தி பெயருக்கு நேரே எத்தனை பீஸ் என்று எழுதுவதுதான் என் வேலை. அந்தப் பலகை வருவதற்கு முன்னால் அங்கே எப்படி இருந்தது தெரியுமா? மேனேஜரிடம் யார் சிரித்துப் பேசுகிறாளோ அவள் நல்ல வேலைக்காரி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவள் சோம்பேறி. பலகை வந்த பிறகு அந்த ஆளுக்கு வாய் அடைத்துப் போயிற்று. என்னையே அந்தப் பலகைதான் சூப்பர்வைசர் ஆக்கியது. எனக்குச் சிரித்துப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பலகைக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருப்பேன். டீ நேரத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். "யக்கா, எனக்கு நூலு அறுந்துகினே இருந்துச்சே, அத்த எழுதலியே நீ?" என்பாள் ஒருத்தி. நான் அவள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவேன். கரண்ட் போயிருந்தால் ஒரு வட்டம். மேலே இருக்கிறவர்கள் கேட்டால் அந்தக் குறிக்கு நான் பதில் சொல்வேன். பல நாள் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். உன் பச்சைப் புள்ளியிடம் போய் யாராவது சண்டை போட முடியுமா? யாரிடம் போடுவாய் என்று உனக்கே தெரியாது.

உன்னை ஏதோ இம்ப்ரூவ்மெண்ட் பிளானில் போட்டுவிட்டார்கள் என்று நீ சொன்ன அன்று, முதலில் நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன். பேர் அப்படி. அதற்குள் போனவர்கள் பெரும்பாலும் வெளியேதான் போவார்கள் என்று நீ அப்பாவிடம் சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. நீ என்ன தப்பு செய்தாய் என்று எனக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை இன்சூரன்சில் கேட்டு வருகிறவர்களுடைய காகிதங்களைச் சரிபார்ப்பது உன் வேலை. நீ படித்துப் பார்க்கிறவன். டாக்டர் கிறுக்கியிருப்பதை முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படிப்பாய், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு யோசிப்பாய். கை நின்றுவிடும். புள்ளி மஞ்சளாகிவிடும். படிக்காமலேயே தட்டித் தள்ளுகிறவன் நாள் முழுக்கப் பச்சை. இதைக் கேட்டதும் உன் அப்பாவுக்குப் பழைய எலக்ட்ரீஷியன் புத்தி வந்துவிட்டது. "கை நின்னாதான மஞ்சளாவுது? நிக்காம பாத்துக்கலாம் வுடு," என்றார். தன் கட்டில் ஓரத்தில் இருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது தலையை ஆட்டும்போது கூடவே மவுஸும் நகர்கிற மாதிரி ஒரு நூல், மறுபக்கம் இழுத்துப் பிடிக்க ஒரு ரப்பர் பேண்டு. நாம் மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நீ நிம்மதியாகப் படிப்பதற்காகச் செய்தது அது. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ஃபேன் இல்லாமல் அந்த மனுஷன் ராத்திரியெல்லாம் துண்டால் விசிறிக்கொண்டு படுத்திருந்தார், அதில் மட்டும்தான் வருத்தம்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்து பையை வைத்தவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. "ஒண்ணுமில்ல, வாயு," என்றார். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. உன் அறைக்கு ஓடி வந்தேன். நீ கையைத் தூக்கினாய். ஒரு நிமிஷம். "தம்பி, அப்பாவுக்கு மாரு வலிக்குதுடா," என்றேன். உடனே காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடி வந்தாய். செருப்புக்கூடப் போடாமல் அவரைத் தாங்கிக்கொண்டு மணிக்கூண்டுப் பக்கம் ஆட்டோவுக்கு நடந்தாய். நீ நல்ல பிள்ளைதான் தம்பி, அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. சந்தேகம் வந்தது என்மேல். அவருடைய மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்ட உள்ளே போனேன் இல்லையா? உன் திரை திறந்து கிடந்தது. புள்ளி மஞ்சளாகியிருந்தது. கட்டின புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறார், நான் நூலைச் சரிபார்த்து ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தேன். யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போயிற்று. ஆட்டோவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. அப்போதிலிருந்து பயமாக இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும்போது கூட இவ்வளவு பயமில்லை.

கடவுள் புண்ணியத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரையோடு போயிற்று. சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தோம். ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. அன்றைக்கென்று பார்த்து நம் தெருவில் கரண்ட்டும் போகவில்லை. நாள் முழுக்க நீ இல்லை. ஒரு காகிதம் நகரவில்லை. உன்னைத் தேடி ஒரு போன் வந்ததா தம்பி? எங்கே இருக்கிறாய், ஏன் பதில் இல்லை என்று ஒரு மனுஷன் கேட்டானா? பச்சை எரிகிறதா, ஆள் இருக்கிறான், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரிசை வந்தது. இத்தனை மாதத்தில் நீ வாங்காத இடம். செவ்வாய்க்கிழமை மாதிரி ஒரு நாள் உன் டீமிலேயே யாருக்கும் வந்ததில்லையாம். உன் டீம் லீடர் எல்லோரும் பார்க்கிற குரூப்பில் கை தட்டுகிற பொம்மையெல்லாம் போட்டு உன்னைப் பாராட்டியிருந்தார். அதைப் படித்துக் காட்டும்போது நீ சிரித்தாய். பாதியில் சிரிப்பு நின்றுபோய், எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாய். அந்த முகத்தைத்தான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அதோடு போயிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அடுத்த வாரமே உன்னைப் பிளானிலிருந்து எடுத்துவிட்டார்கள், கல்யாணம் தை மாதம் நிம்மதியாக நடக்கும், யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நேற்று அந்தப் பெண் ரேவதி வந்தாள். புல்வார் ஆபீசில் உனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள், நீ லீவு போட்டால் உன் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள். குருசுக்குப்பத்திலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வந்திருந்தாள். வரிசையில் கீழே போனவள் அவள். பிளானிலிருந்து நீ வெளியே வந்த இடத்தில் இப்போது அவளைப் போட்டிருக்கிறார்கள், அடுத்த வாரம் வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். அவள் அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. "கொழந்தைக்குப் பால் குடுக்க உக்காந்தா மஞ்சளாய்டுதும்மா. ஒத்தக் கையால தட்டிகினேதான் குடுக்கறேன். அவரு எப்பிடிப் பண்றாருன்னு கத்துகினு போவலாம்னு வந்தேன்," என்றாள். நீ அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாய். "ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் ஃபோகஸ் பண்ணேன். நாளன்னிக்கு மீட்டிங்ல விவரமா சொல்லச் சொல்லியிருக்காங்க." அவள் அதையும் நம்பித் தலையாட்டினாள்.

உன் அறையில் உட்கார்ந்துதானே பேசிக்கொண்டிருந்தோம், அந்த நேரம் பார்த்துக் குழந்தை அவள் மடியிலிருந்து நழுவித் தவழ்ந்து போய் ஃபேனில் தொங்கிக்கொண்டிருந்த நூலைப் பிடித்து இழுத்தது. மேஜை மேல் மவுஸ் தடதடவென்று நகர்ந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். நீ எழுந்திருக்கவில்லை. நானும் நகரவில்லை. ரேவதிதான் எழுந்து போய்க் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நூலை விடுவித்தாள். நூல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அவள் கண் போனதா இல்லையா, எனக்குத் தெரியாது. நேற்றிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "வரேம்மா, அப்பா ஒடம்ப பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். பேச்சுவாக்கில் நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது எந்தக் கிழமை என்று கேட்டுவிடுவாளோ என்று நான் வாசல் வரைக்கும் பயந்துகொண்டே போனேன். ஒரு கைக்குழந்தைக்காரியை வழியனுப்பப் பயந்துகொண்டு போகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அவள் போன பிறகு நாம் போட்ட சண்டையில் நீ கேட்டது ஒன்று மட்டும் சுருக்கென்று தைத்தது. "நீ மட்டும் ஒழுங்கா? அந்தக் கம்பெனியில நீயுந்தான் பொய் எண்ணு எழுதின. நீயே சொல்லியிருக்க," என்றாய். ஆமாம், சொல்லியிருக்கிறேன். எங்கள் லைனில் ஒருத்திக்கு அது எட்டாவது மாதம். கால் வீங்கிப்போய் மெஷினை மிதிக்க முடியாது. எண் குறைந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்திலிருந்த பெண்கள் தாங்கள் தைத்த காலர்களில் சிலதை யாருக்கும் தெரியாமல் அவள் பண்டலுக்குள் செருகுவார்கள். நான் பார்த்துக்கொண்டே அவள் பெயருக்கு நேரே எழுதுவேன். விடிய விடிய யோசித்து இப்போது சொல்கிறேன். அந்தப் பெண்கள் அவளுக்குக் கொடுத்தது தங்கள் எண்ணிலிருந்து. கொடுத்தவளுக்கு அன்றைக்கு எண் குறையும், திட்டும் விழும், தெரிந்தேதான் கொடுத்தார்கள். நம் ஃபேன் யாருடைய எண்ணிலிருந்து எடுத்து உனக்குக் கொடுத்தது? உங்கள் வரிசையில் ஒருத்தர் மேலே போனால் இன்னொருத்தர் கீழே இறங்கியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை நான் சுவிட்சைப் போட்டபோது எனக்கு அது தெரியாது. நேற்று அவள் குழந்தை நூலைப் பிடித்தபோது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு நாளைக்கு நீ ஃபோகஸ் என்று பேசினால் அதை என்னால் தாங்க முடியாது.

எனக்குத் தைரியம் அதிகம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ உண்மையைச் சொன்னால் நாளைக்கே உன்னை நிறுத்திவிடலாம். பத்திரிகை அடித்து, பாதி ஊருக்கு வைத்தும் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது என்று சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை வந்தால் உன் அப்பா தாங்குவாரா, தெரியவில்லை. நீ சொல்லியும் ரேவதியை அவர்கள் அனுப்பிவிடலாம், அதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டு பேருக்கும் வேலை போய், நம்மைப் பைத்தியம் என்று ஊர் சொல்லலாம். எல்லாம் யோசித்துவிட்டேன். உனக்குப் பார்த்திருக்கிற வினோதினி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் நீ கவலைப்படாதே, அங்கே நான் போகிறேன். வருகிற மருமகளிடம், உன் மாமனாருக்கு நெஞ்சு வலித்தபோது உன் மாமியார் திரும்பிப் போய் ஃபேன் போட்டவள் என்று முதலில் என்னைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். என்ன குடும்பத்துக்கு வருகிறோம் என்று அவளுக்கும் தெரிய வேண்டாமா? அந்தப் பெண் கெட்டிக்காரி. அவள் என்ன சொல்வாள் என்று நீ பயப்படுகிற அளவுக்கு எனக்குப் பயமில்லை.

நாளைக்கு நீ பெரிய பிரசங்கம் எதுவும் செய்ய வேண்டாம். கம்பெனியைத் திட்ட வேண்டாம், புள்ளியைத் திட்ட வேண்டாம். எப்படிச் செய்தாய் என்றுதானே கேட்கிறார்கள்? அன்றைக்கு நான் வேலை செய்யவில்லை, அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன், வீட்டில் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் பாராட்டியது அதைத்தான் என்று சொல். படிக்கும்போது கை நின்றுவிடுகிறது, பால் கொடுக்கும்போதும் நின்றுவிடுகிறது, அதற்குப் பக்கத்தில் ஒரு குறி போட யாராவது ஓர் ஆள் வேண்டும் என்று கேள். கேட்பதால் அவர்கள் தருவார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் அந்தப் பெண் ஒருத்தியாவது, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பதை விட்டுவிடுவாள். ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுப்பதைக் கற்றுக்கொண்டவளுக்கு நீ இன்னும் என்ன கற்றுக்கொடுக்கப்போகிறாய்?

ஃபேனிலிருந்து நூலை அவிழ்த்துவிட்டேன். ரப்பர் பேண்டைக் குப்பையில் போட்டுவிட்டேன். ஃபேனைத் துடைத்து அப்பா கட்டில் ஓரத்தில் அதன் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன், இன்றைக்கு ராத்திரியாவது அந்த மனுஷன் காற்றில் படுக்கட்டும். நூலை மறுபடி கட்டுவதற்கு நீ அவரைக் கேட்டால் கட்டித்தான் தருவார். உனக்காக எதையும் செய்வார். நீ கேட்கக்கூடாது என்று நான் உத்தரவு போடவில்லை, அதற்குரிய வயதை நீ தாண்டிவிட்டாய். நாளைக் காலையில் அப்பா டிவி போட மாட்டார், நான் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன். குருசுக்குப்பத்தில் ரேவதி காதில் மாட்டிக்கொண்டு உன் பேச்சைக் கேட்கத் தயாராக உட்கார்ந்திருப்பாள், மடியில் குழந்தை இருக்கும், அவள் புள்ளி அநேகமாக மஞ்சளாகத்தான் இருக்கும். மீட்டிங் என்றால் நீ எழுந்து போய்க் கதவைச் சாத்துவாய் இல்லையா? நாளைக்குச் சாத்தாதே தம்பி. நீ என்ன சொல்கிறாய் என்று எனக்கும் கேட்க வேண்டும்.

அம்மா